பூஜையில் வைத்த முதலுதவிப் பெட்டி

என் கணவர் கிருஷ்ணபிரசாத் ஒரு பாதுகாப்பு அதிகாரி. தோப்பும்படிப் பாலத்துக்கு அப்பால் ஒரு கம்பெனியில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு நடந்து, மற்றவர்களும் தொப்பி போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. பத்து வருஷமாக அங்கே ஒரு விபத்தும் நடக்கவில்லை என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். அதற்குத் தான்தான் காரணம் என்று அவர் நினைக்கிறார். அங்கே மூன்று வருஷமாகச் சொல்லிக்கொள்ளும்படி வேலையே நடக்கவில்லை என்பது என் எண்ணம். இதை நான் வீட்டுக்குள் மட்டும் சொல்வேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் முப்பத்திரண்டு. எல்லோருக்கும் பாலக்காட்டில் ஏதோ ஒரு பூர்வீகம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமூகக் கூடம் உண்டு. நிச்சயதார்த்தம், பஜனை, நவராத்திரி எல்லாம் அங்கேதான். கூடத்தின் காரியதரிசி வெங்கடேஸ்வரன் மாமா. பதினாறு வருஷமாக அவர்தான். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை, அவரிடமிருந்து சாவிகளை வாங்கும் தைரியம் யாருக்கும் கிடையாது என்பதால்.

இந்த வருஷம் நவராத்திரி லீவுக்கு முன்னால், விடுமுறையில் வீட்டு விபத்துகள் அதிகம், அதனால் தெருவுக்கு ஒரு முதலுதவி வகுப்பு நடத்தப்போகிறேன் என்று என் கணவர் அறிவித்தார். அதற்கு முன் ஒரு வாரம் எனக்கு நடத்தினார். நான் பீன்ஸ் நறுக்கும்போது தீக்காயம், துணி மடிக்கும்போது எலும்பு முறிவு, அம்முவைத் தூங்கவைக்கும்போது மூச்சடைப்பு. அம்மு எங்கள் மகள். மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். வருகிற விஜயதசமிக்கு அவளுக்கு எழுத்தறிவித்தல். அரிசியில் விரல் பிடித்து முதலெழுத்து எழுதும் நாள்.

வகுப்புக்கு நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேருக்கு மைக் எதற்கு என்று கேட்டேன். மைக் இல்லாவிட்டால் கூட்டத்துக்கு ஒரு மதிப்பு இல்லை என்று மாமா சொன்னார். ஆகவே நாங்கள் மட்டுமல்லாமல், பின்சந்து, மீன்காரர், அரிசி மண்டி, பள்ளிவாசல் பக்கத்து டீக்கடை என்று எல்லோரும் முதலுதவி கற்றார்கள்.

கம்பெனியிலிருந்து ஒரு ரப்பர் பொம்மை வந்திருந்தது. இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஆண் பொம்மை. சட்டையில்லாமல் கூடத்தில் கிடப்பது சரியில்லை என்று ஜெயலக்ஷ்மி மாமி அதற்கு ஓர் அங்கவஸ்திரம் போர்த்திவிட்டார். மாமி வெங்கடேஸ்வரன் மாமாவின் மனைவி, எங்களுக்கு அடுத்த வீடு. பொம்மையின் வாயில் வாய் வைத்து ஊதவேண்டும் என்றதும் கூடத்தில் சலசலப்பு. எச்சில் அல்லவா? உதடு படாமல், அண்ணாந்து தண்ணீர் குடிப்பதுபோல், சற்று மேலேயிருந்து ஊத வழி உண்டா என்று மாமா கேட்டார். என் கணவர் யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார். கடைசிவரை யாரும் ஊதவில்லை. அந்தப் பொம்மை அங்கவஸ்திரத்தோடு நல்ல கதிக்குப் போயிருக்கும்.

தீக்காயம் வந்தது. ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டவேண்டும், வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றவேண்டும், பேஸ்ட், மை, காப்பிப்பொடி எதுவும் பூசக்கூடாது, ஐஸ் வைக்கக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். அழகாகத்தான் சொன்னார். பின்வரிசையிலிருந்து நான் எழுந்து, மட்டாஞ்சேரியில் மத்தியானம் எந்தக் குழாயில் இருபது நிமிடம் தண்ணீர் ஓடுகிறது என்று கேட்டேன். எங்களுக்கு விடிவதற்கு முன் ஒரு மணி நேரம் குழாய் வரும். அதற்குப் பிறகு டிரம்மில் பிடித்து வைத்ததுதான். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அதை அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

பெட்டிதான் நிகழ்ச்சியின் மகுடம். வெள்ளைத் தகரம், பித்தளைப் பூட்டு. உள்ளே பஞ்சு, கட்டுத்துணி, கத்தரி, மருந்துகள், மலையாளத்தில் அச்சிட்ட ஒரு கையேடு. எங்கள் தலைமுறை தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் காயம் ஆறிவிடும் என்பதால் மலையாளம். மூடியின்மேல் என் கணவரே ஒரு வாசகம் எழுதியிருந்தார்: ‘எது நடந்தாலும் முதலில் பெட்டி.’ எல்லோரையும் மூன்று முறை சொல்லவைத்தார். மாமா பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூட்டி, சாவியைத் தன் கொத்தில் சேர்த்துக்கொண்டார்.

அஷ்டமி சாயங்காலம் பூஜை வைத்தார்கள். இங்கே அது கண்டிப்பான வழக்கம். தேவி முன்னால் புத்தகங்களையும் தொழில் கருவிகளையும் வைத்துவிட்டால் விஜயதசமிக் காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருக்கும் சாஸ்திரம் இது ஒன்றுதான். பாடப்புத்தகம், வயலின், ஸ்க்ரூடிரைவர், மூன்று லேப்டாப் எல்லாம் பட்டு விரிப்பில் ஏறின. போன் மட்டும் விலக்கு. போன் கருவி ஆகாது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அவருக்கு எல்லோருக்கும் நவராத்திரி வாழ்த்து அனுப்பவேண்டியிருந்தது.

பிறகு மாமா முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். உள்ளே கத்தரி இருப்பதால் ஆயுதம், கையேடு இருப்பதால் வித்தை, இரண்டு வகையிலும் அதற்கு இடம் உண்டு என்றார். மேலே ஒரு சாமந்தி மாலை போட்டார். சாவியைக் கொத்திலிருந்து கழற்றித் தேவியின் காலடியில் வெள்ளித் தட்டில் வைத்தார். என் கணவரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பெண்ணைப் பெரிய இடத்தில் கட்டிக்கொடுத்தவர்போல் நின்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது.

“இந்த ரெண்டு நாள்ல யாருக்காவது கை பொள்ளிடுத்துன்னா என்ன மாமா பண்றது?” சூடு பட்டு வெந்துபோவதை எங்கள் பாலக்காட்டுப் பேச்சில் பொள்ளுவது என்போம்.

“தேவி உக்காந்திருக்கறச்சே நமக்கு என்ன வரப்போறது ஸாதனா?” என்றார் மாமா. என் கணவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, சபையில் மானத்தை வாங்காதே என்று பொருள். மானம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. நான் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் நவமி. பதினொன்றே முக்காலுக்கு நான் சுண்டலுக்குக் கொண்டைக்கடலையைக் குக்கரிலிருந்து வடிகட்டினேன். கொதிக்கிற தண்ணீர் ஓர் அகலப் பாத்திரத்தில். அதைத் தரையில் வைத்தேன். யாரும் வைக்கவில்லை, நான்தான் வைத்தேன். ரசத்துக்கு ஆகும் என்று பார்த்தேன். தேங்காய்த் துருவலை எடுக்கத் திரும்பினேன். தண்ணீரில் நாலைந்து கடலை மிதந்திருக்கவேண்டும். அம்முவுக்குக் கடலை என்றால் உயிர்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

வலது கை, மணிக்கட்டுவரை. தூக்கி எடுத்தபோது தோல் சிவந்து பளபளத்தது. என் கணவர் ஓடிவந்தார். பார்த்தார். முகம் வெளுத்தது. ஒரு வாரம் எனக்கு மனப்பாடமாகச் சொன்ன மனிதர், ஒரு நிமிடம் வாயைத் திறந்து மூடினார். பிறகு, “பெட்டி” என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார். ஊருக்கு உபதேசம் செய்தது அவருடைய நாக்குதான், மற்ற அவயவங்கள் வகுப்புக்கு வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் குழாயைத் திறந்தேன். காற்று வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே இரண்டு டிரம். ஒன்றில் பாதி, இன்னொன்று முழுவதும் மறுநாள் எழுத்தறிவித்தலுக்குச் சமைக்க. மக்கில் மொண்டு அவள் கைமேல் மெதுவாக ஊற்றத் தொடங்கினேன். அம்மு துடித்தாள். நான் அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கையில் வளையல் இருந்தது. விஜயதசமிக்கென்று வாங்கிய தங்க வளையல். வீங்கினால் வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று பீன்ஸ் நறுக்கும்போது கேட்டது நினைவு வந்தது. ஊற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து ஜெயலக்ஷ்மி மாமி வந்தார். நவமியன்று பெண் குழந்தையின் கையை மூளியாக்கலாமா என்றுதான் முதலில் கேட்டார். இரண்டாவதாக, வெந்த இடத்தில் தண்ணீர் பட்டால் கொப்புளம் வரும், உடனே நிறுத்து என்றார். மூன்றாவதாகத் தன் வீட்டுப் பற்பசை டியூபை நீட்டினார். முதலுதவி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, கேள்விக்கெல்லாம் தலையாட்டியவர் மாமி.

பேஸ்ட் பூசக்கூடாது என்று சொன்னேன். அப்படியானால் காப்பிப்பொடி என்றார். அதுவும் கூடாது என்றேன். மாமி அழுதுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. குழந்தை அப்படி அலறும்போது எதையாவது பூசிவிட்டால் நாம் ஏதோ செய்ததாக ஆகிறது. தண்ணீர் ஊற்றுவது ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலவே இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு கணம் அந்த டியூபை வாங்கக் கையை நீட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு பயம். இந்தக் கை நாளைக்கு எழுதுமா என்பதல்ல, இனி எப்போதாவது மடங்குமா என்கிற பயம்.

அப்போது பின்வாசல் படலைத் தள்ளிக்கொண்டு பேச்சி வந்தாள். பின்சந்தில் இருப்பவள், மாநகராட்சியில் துப்புரவு வேலை. அவள் பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவளும் தமிழ்தான். ஆனால் முப்பத்திரண்டு குடும்பம் என்று நாங்கள் எண்ணும்போது அவள் வீடு அதில் வராது. அலறல் கேட்டு, இடுப்பில் ஒரு குடத்தோடு வந்திருந்தாள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்று சரஸ்வதி பூஜையாக்கும், டிரம் பக்கம் வரவேண்டாம் என்று ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மாமியை வாயை மூடச் சொன்னேன்.

“சேட்டன் மைக்குல சொன்னாருல்ல அக்கா, இருபது மினிட் வெள்ளம் ஊத்தணும்னு,” என்றாள் பேச்சி. “இப்ப அஞ்சு கூட ஆவல. நீங்க விடாம ஊத்துங்க, நான் கொண்டாந்து தாரேன்.”

அவளுக்கு அழைப்பு இல்லை, நாற்காலி இல்லை, சான்றிதழ் இல்லை. மைக்கில் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். நான் அவள் முகத்தைப் பார்த்து அழுதேன். பிறகு ஊற்றினேன். டிரம் தீர்ந்தது. நாளைக்கு வைத்திருந்த டிரம்மைத் திறந்தோம். அவள் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் குடத்தோடு வந்தாள். சமையலறைக் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து ஆனபோது அம்முவின் அழுகை விசும்பலாகியிருந்தது. துவைத்து வைத்த மல்துணியை நனைத்துக் கைமேல் தளர்வாகப் போர்த்தினேன்.

கூடத்தில் இதற்குள் என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. என் கணவர் போய்ப் பெட்டி கேட்டார். மாமா, எடுக்கும் முகூர்த்தம் நாளைக் காலை ஏழு நாற்பதுக்கு என்றார். குழந்தைக்குக் கை வெந்துவிட்டது என்றார் இவர். மாமாவுக்கும் பதறியது. ஆனால் தேவிக்கு முன் வைத்ததைத் தன்னிச்சையாக எடுக்க முடியுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டும். பூசாரி எர்ணாகுளத்தில் வேறொரு பூஜையில் இருந்தார். போன் போட்டார்கள். எடுக்கவில்லை. அவர் மருமகனுக்குப் போட்டார்கள். அவன் இன்னொரு நம்பர் கொடுத்தான். இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பூசாரி கிடைத்து, ஆபத்துக்குப் பாவமில்லை, உடனே எடு என்று ஒரே வரியில் சொல்லி வைத்துவிட்டார். இத்தனை நேரமும் என் கணவர் பட்டு விரிப்புக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்றிருக்கிறார்.

அவர் வந்தார். கையில் பெட்டி, பெட்டிமேல் சாமந்தி மாலை, பின்னால் மாமா. நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வாசலில் நின்றோம். பேச்சி ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். பெட்டியைத் திறக்கப் போனபோதுதான் சாவி இன்னும் வெள்ளித் தட்டில் தேவியின் காலடியில் இருப்பது இருவருக்கும் நினைவு வந்தது. நான் ஆட்டோவில் ஏறினேன். அவர் மடியில் பூட்டிய பெட்டியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி மாலையைப் பார்த்துவிட்டு, எந்தக் கோவில் வசூல் என்று கேட்டார்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, என்ன பூசினீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். தண்ணீர் ஊற்றினோம் என்றேன். அப்புறம்? அப்புறமும் தண்ணீர்தான், இருபது நிமிடம். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். லீவு தொடங்கியதிலிருந்து வந்த தீக்காயங்களில் தான் எதையும் சுரண்டி எடுக்காமல் பார்க்கும் முதல் கை இதுதான் என்றாள். ஆழம் போகவில்லை, இரண்டு வாரத்தில் ஆறும், விரல் நன்றாக மடங்கும், தண்ணீரால் பிழைத்தது என்றாள். கடைசியாக, வீட்டில் யாராவது முதலுதவி படித்தவர்களா என்று கேட்டாள். என் கணவர் பெட்டிமேல் இருந்த மாலையை மெதுவாக எடுத்துக் காலுக்கடியில் போட்டார்.

அன்று சாயங்காலம் மாமா வந்து குழந்தையைப் பார்த்தார், கண் கலங்கினார். போகும்போது, பெட்டி வெளியே இருந்தால் நாளைக்கு முறைப்படி எடுக்க முடியாதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். என் கணவர் அதைக் கொண்டுபோய்த் திரும்பவும் தேவி முன்னால் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

விஜயதசமிக் காலை. நாங்கள் போனோம், குழந்தை எழுதாவிட்டாலும் கும்பிட்டாவது வரட்டும் என்று. ஏழு நாற்பதுக்கு மணி அடித்து, ஒவ்வொருவரும் தங்கள் பொருளை எடுத்தார்கள். எடுத்த கையோடு புத்தகத்தில் நாலு வரி சத்தமாகப் படிக்கவேண்டும் என்பது முறை. மாமா வெள்ளித் தட்டிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, கையேட்டை என் கணவரிடம் கொடுத்தார். மைக்கும் கொடுத்தார்.

அவர் தீக்காயப் பக்கத்தைத்தான் திறந்தார். மலையாளத்தில் படித்தார். முதல் வரி, உடனே தண்ணீர். இரண்டாவது வரி, இருபது நிமிடம், குழாய் இல்லாவிட்டால் மொண்டு ஊற்றவும். மூன்றாவது வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனால் மைக் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. ‘காயம்பட்டவரை விட்டுவிட்டு மருந்துப் பெட்டியைத் தேடி ஓடக்கூடாது.’

அவர் புத்தகத்தை மூடினார். அவர் அதை முன்பு முழுதாகப் படித்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் ஏட்டைக்கூடத் திறக்கவில்லை. கோபம் வரவேண்டும். வரவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எழுத்தறிவித்தல் தொடங்கியது. தாம்பாளத்தில் அரிசி பரப்பி மாமா உட்கார்ந்திருந்தார். அன்று எழுத வந்திருந்த மற்ற இரண்டு குழந்தைகளும் எழுதி முடித்தார்கள். அம்முவின் வலது கை கட்டுக்குள் விரல்நுனிவரை இருந்தது. மாமா அவள் தலையைத் தடவி, இடது கையால் தொடங்குவது சம்பிரதாயமில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். மாமா சொன்னால் சரி என்று சொல்பவர்தான் அவர்.

அவர் போய்த் தாம்பாளத்துக்கு முன் உட்கார்ந்து அம்முவை மடியில் வைத்துக்கொண்டார்.

“வலது கை வெந்தப்போ நான் உங்க பக்கத்துல கைகட்டி நின்னுண்டிருந்தேன் மாமா. இடது கைக்காவது பக்கத்துல இருக்கேன்.”

மாமா தாம்பாளத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பின்வாசல் ஓரம் பேச்சி நின்றுகொண்டிருந்தாள். நான் போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஜெயலக்ஷ்மி மாமி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

என் கணவர் அம்முவின் இடது விரலைப் பிடித்தார். அம்மு அரிசியைப் பார்த்தாள். வெள்ளையாக, பளபளவென்று இருந்தது. விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“பொள்ளுமா அப்பா?”

அவர் தன் உள்ளங்கையை அரிசிக்குள் முழுவதும் புதைத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மாமா முகூர்த்தம் முடியப்போகிறது என்று சொல்லவில்லை. அம்மு அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி, அவர் கைக்குப் பக்கத்தில், மெதுவாக அரிசியைத் தொட்டாள்.